திருக்கோணமலைத் துறையும் அட்மிரல் சமர்வில்லும்

இயற்கை வகுத்த துறைமுகங்களுள் திருக்கோணமலைக்கு ஒப்பானவை உலகிற் சிலவே. வடக்கே கோணேசர் மலையும் கோட்டையும், தெற்கே கொட்டியாரக் குடாவும், உள்ளே மேற்கு நோக்கி வளைந்து சீனன்குடாவரை செல்லும் ஆழ்ந்த நீர்ப்பரப்பும் கொண்ட இத்துறையினுள் எத்துணைப் பெரிய கப்பற்படையும் புயலுக்கு அஞ்சாது தங்கலாம். மூதூர், கிண்ணியா, குறிஞ்சாக்கேணி முதலாய தென்பக்கத்து ஊர்களில் வாழ்ந்தோர், போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் ஈறாக அந்நியர் கப்பல்கள் இக்குடாவினுட் புகுவதையும் நீங்குவதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள்.

ஆயினும் துறைமுகத்தின் வலிமை வேறு. அதனுள் நிற்கும் கப்பற்படையின் வலிமை வேறு. துறை கப்பலைக் காக்குமா, கப்பல் துறையைக் காக்குமா என்னும் வினா இவ்விடத்து வரலாற்றிலே ஒருமுறைக்கு மேல் எழுந்துள்ளது. 1782 சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில், அவருடைய கப்பல்கள் இங்கில்லாத வேளை பார்த்துப் பிரெஞ்சுத் தளபதி சவ்றன் வந்து கோட்டையைக் கைக்கொண்டார். ஹியூஸ் சென்னையிலிருந்து விரைந்து வந்தபோது கோட்டையின்மேற் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. நூற்றறுபது ஆண்டுகள் கழிந்தபின், 1942 ஏப்பிரிலில், அதே வினா மீண்டும் எழுந்தது. அதற்கு விடை கூறவேண்டிய பொறுப்பு, இரு உலகப் போர்களிலும் கடலிற் கடமையாற்றிய சேர் ஜேம்ஸ் சமர்வில் என்பாரின் தலைமேல் வீழ்ந்தது. தமிழ்ச் செவிக்கு அப்பெயரிற் சமரும் கேட்கும், வில்லும் கேட்கும். ஆனால் அவருடைய வாழ்க்கையிற் பெரிதும் விவாதிக்கப்படுவன அவர் புரிந்த சமர்களிலும் அவர் தவிர்த்த சமர்களே.

ஜேம்ஸ் பவுன்ஸ் சமர்வில் 1882 யூலை 17இல் இங்கிலாந்தின் வெய்பிறிட்ஜ் என்னும் ஊரிற் பிறந்தார். 1897இல், பதினான்கு வயதுச் சிறுவனாய், ‘பிறிற்றானியா’ என்னும் பயிற்சிக் கப்பலிற் சேர்ந்தார். பீரங்கியே கடற்போரின் உயிர் என்று மூத்தோர் எண்ணியிருந்த அந்நாளில், அவர் டோர்பிடோவையும், அப்பொழுதுதான் தோன்றிய கம்பியில்லாத் தந்தியையும் தமக்குரிய துறைகளாகத் தெரிந்துகொண்டார். முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டுத் தார்தனல்ஸ் போர்முயற்சியின்போது கப்பற்படையின் தந்தி அதிகாரியாகப் பணிபுரிந்தார். தரையிறங்கிய படைக்கும் கடலில் நின்ற கப்பல்களுக்கும் இடையே செய்தி தடையின்றிச் செல்லவேண்டுமென்பதே அவர் பொறுப்பு. அப்பணிக்காக 1916இற் சிறப்புச் சேவை விருது பெற்றார். துப்பாக்கி ஏந்திப் பெற்ற புகழன்று அது. செய்தியின் வேகத்தை அறிந்து பெற்ற புகழ். பின்னாளில் றேடாரின் பயனை அவர் விரைந்துணர்ந்தமைக்கும், விமானங்களின் ஆற்றலைக் கிழக்கே வந்த பல தளபதிகளினும் தெளிவாகக் கண்டமைக்கும் இவ்விளமைப் பயிற்சியே அடிப்படையெனலாம்.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலம் படிப்படியான உயர்வுக் காலம். 1921 இறுதியிற் கப்டன் ஆனார். கடற்படைத் தலைமையகத்தின் தொடர்புப் பிரிவை நடத்தினார். 1931இல் இன்வெர்கோர்டனில் மாலுமிகள் சம்பளக் குறைப்பை எதிர்த்துக் கலகஞ் செய்தபின் அதன் காரணங்களை ஆராயும் பணியிலும் ஈடுபட்டார். சாதாரண மாலுமியின் மனத்தை அறிந்தவர் என்ற பேர் அவருக்கு அக்காலத்திலேயே உண்டு. நகைச்சுவையும் சற்றுக் கரடுமுரடான பேச்சும் அவருடைய இயல்பு. அதனாலேயே கீழுள்ளோர் அவரை விரும்பினர்.

1938 யூலையில் அவர் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அப்பிரிவின் தலைமைத் தளம் திருக்கோணமலையே. இஃது அவர் இத்துறைக்கு முதன்முறை பொறுப்பேற்று வந்தது. எண்ணெய்க் குதங்கள் சீனன்குடாக் காட்டிடையே வரிசை வரிசையாக எழுந்திருந்தன; ஆனால் அவ்வெண்ணெயை நிரப்பிக்கொள்ளத்தக்க பெரும் கப்பற்படை இக்கடலில் இல்லை. சிங்கப்பூர் இருக்கும்வரை திருக்கோணமலைக்கு இடுக்கண் வாராது என்பது அன்றைய நம்பிக்கை. ஓராண்டு நிறையுமுன்னரே, காசநோய் கண்டதென மருத்துவர் கூறியதனால், 1939இல் அவர் தாயகந் திரும்பினார், சேவையினின்றும் ஓய்வளிக்கப்பட்டார். வயது ஐம்பத்தாறு. ஒரு கடற்படை அதிகாரியின் வாழ்க்கை அவ்வளவில் முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரிற் போர் மூண்டது. ஓய்வுபெற்ற நோயாளி மீண்டும் அழைக்கப்பட்டு, கப்பல்களுக்கு றேடார் பொருத்தும் பணியை முன்னின்று நடத்தினார். 1940 மே மாதத்தில் டன்கேர்க் கரையிலிருந்து படைகளை மீட்கும் வேலையில் டோவரில் அட்மிரல் றாம்சேக்குத் துணைநின்றார். யூன் இறுதியில் ஜிபுறோல்ற்றரில் அமைக்கப்பட்ட ‘எச்’ படைக்குத் தளபதியானார். அப்பதவியேற்ற சில நாள்களுள் அவர்முன் வந்த கட்டளை எந்தத் தளபதியும் வேண்டாதது.

பிரான்சு யேர்மனிக்குப் பணிந்துவிட்டது. அல்ஜீரியக் கரையில் மேர்ஸ்-எல்-கெபீர்த் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை பகைவர் கையிற் சிக்கக்கூடுமென இலண்டன் அஞ்சிற்று. எம்முடன் சேர்ந்து போரிடுக. அன்றேல் பிரித்தானியத் துறைக்கு வருக. அன்றேல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்க. அன்றேல் கப்பல்களை நீங்களே மூழ்கடித்துவிடுக. இவற்றுள் ஒன்றுக்கும் இணங்காவிடில் நாம் சுடுவோம் என்று அறிவிக்கும்படி சமர்வில் பணிக்கப்பட்டார். நேற்றுவரை நண்பராயிருந்தோரைச் சுடும் எண்ணம் அவருக்கு அடியோடு வெறுப்பாயிருந்தது. தம் மறுப்பை அவர் தலைமையகத்துக்குத் தெரிவித்தும் பார்த்தார். கட்டளை மாறவில்லை. 1940 யூலை 3ஆம் நாள் பகல்முழுதும் பேச்சுவார்த்தை நடந்தது. காலவரையறையை அவர் மீண்டும் மீண்டும் நீட்டினார். மாலை ஆறு மணிக்குச் சற்றுமுன் பீரங்கிகள் முழங்கின. ‘பிறெத்தாஞ்’ என்னும் போர்க்கப்பல் வெடித்துக் கவிழ்ந்தது. அந்நாளிலும் அதனையடுத்த தாக்குதலிலும் 1,297 பிரெஞ்சுக் கடற்படையினர் மாண்டனர். பின்னாளில் அச்சேறிய அவருடைய கடிதங்கள், அச்செயலின் வெட்கம் அவரை எத்துணை வாட்டியதென்பதைக் காட்டுகின்றன.

அவ்வாண்டு நவம்பர் 27இற் சார்டீனியாவுக்கு அருகே இத்தாலியக் கப்பற்படையை எதிர்ப்பட்டார். தாம் காத்துச்சென்ற வணிகக் கப்பற் கூட்டத்தை விட்டு நெடுந்தூரம் பகைவரைத் துரத்துவது தகாதென மீண்டார். அவர் துறைக்குத் திரும்புமுன்னரே, ஏன் துரத்தவில்லை என்று விசாரிக்க இலண்டன் குழுவொன்றை நியமித்துவிட்டது. கடலில் நின்று முடிவெடுப்பவனைக் கரையில் இருந்துகொண்டு ஐயுறும் வழக்கம் எந்நாட்டு அரசாங்கத்துக்கும் புதிதன்று. குழு அவர் செய்தது சரியே எனக் கண்டது. 1941 மே 26இல் அவருடைய ‘ஆர்க் றோயல்’ என்னும் விமானந்தாங்கியினின்று எழுந்த பழைய இருசிறகு விமானங்கள் ‘பிஸ்மார்க்’கின் சுக்கானைச் செயலிழக்கச் செய்தன, மறுநாள் அப்பெருங்கப்பல் அழிந்தது. தம் விமானிகள் என்ன காண்கின்றனர், எதனால் இடர்ப்படுகின்றனர் என்றறியத் தாமே அவ்விமானங்களில் ஏறிப் பறந்துவந்த தளபதி அவர். ஐம்பது வயது கடந்த கடற்படைத் தலைவரிடத்து இது காண்டற்கரிய பழக்கம்.

இதற்குள் கிழக்கே நிலைமை தலைகீழாயிற்று. 1941 டிசெம்பர் 10இல் ‘பிறின்ஸ் ஒப் வேல்ஸ்’, ‘றிப்பல்ஸ்’ என்னும் இரு பெருங்கப்பல்களும் மலாயாக் கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பெப்புருவரி 15இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. இலங்கை இப்பொழுது போர்முனை ஆயிற்று. மார்ச்சு மாதத்தில் அட்மிரல் சேர் ஜெப்ரி லேற்றன் இலங்கையின் படைகள்மீதும் குடியாட்சிமீதும் மேலதிகாரம் பெற்ற தளபதியாக நியமிக்கப்பட்டார். தேசாதிபதி கால்டிகொற்றும் அவருக்கு அடங்கியவரானார். அம்மாத இறுதியிற் சமர்வில் கொழும்பு வந்து கிழக்குக் கப்பற்படையின் தலைமையை ஏற்றார்.

ஏட்டிலே அப்படை பெரிது: ஐந்து போர்க்கப்பல்கள், மூன்று விமானந்தாங்கிகள், ஏழு குறூசர்கள், பல நாசகாரிகள். உண்மை வேறு. போர்க்கப்பல்கள் ஐந்தும் முதலாம் உலகப் போர்க்காலத்தவை. அவற்றுள் நான்கு வேகங் குறைந்தவை; குடிநீருக்கே அடிக்கடி துறை தேடுபவை. விமானந்தாங்கிகளுள் ‘ஹேர்மிஸ்’ சிறியது, பழையது. ஏனைய இரண்டிலும் இருந்த விமானங்கள் நூற்றுக்கும் குறைவு. எதிரே வந்த நகுமோவின் படையிலோ, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளுள் ஐந்து இருந்தன. விமானங்கள் ஏறத்தாழ முந்நூறு. சமர்வில்லின் படைஞர் ஒன்றாய்க் கடலோடிப் பயின்றவருமல்லர். பகலில் எதிர்ப்பட்டால் தம் படை அழிவது உறுதி என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார். றேடார் பொருத்திய தம் விமானங்களைக்கொண்டு இரவில் டோர்பிடோத் தாக்குதல் நடத்துவதொன்றே அவர் கண்ட வழி. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறையை அறிந்தோர்க்கு இவ்வெண்ணத்தின் நியாயம் எளிதில் விளங்கும்.

ஏப்பிரில் முதலாம் நாளளவில் தாக்குதல் வருமென உளவுச் செய்தி கூறியது. இலங்கைக்குத் தெற்கே மூன்று நாள் காத்திருந்தார், பகைவர் வரவில்லை. ஏப்பிரில் 2 இரவு, செய்தி தவறுபோலும் என்றெண்ணி, மாலைதீவின் தென்கோடியில் யப்பானியர் அறியாதவாறு அமைக்கப்பட்டிருந்த அட்டுத் தளத்துக்கு நீரும் எண்ணெயும் நிரப்பத் திரும்பினார். இலங்கையினின்றும் 600 மைல் அது. அத்துடன் ‘கோண்வோல்’, ‘டோர்செற்ஷயர்’ என்னும் இரு குறூசர்களைக் கொழும்புக்கும், ‘ஹேர்மிஸ்’, ‘வம்பயர்’ என்னும் இரண்டையும் திருக்கோணமலைக்கும் அனுப்பினார். ஏப்பிரில் 4 பிற்பகல், கொக்கலையினின்று பறந்த கனடிய விமானி பேர்ச்சல் யப்பானியப் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பி முடிக்குமுன் சுட்டு வீழ்த்தப்பட்டார். சமர்வில் அட்டுத் துறையில் நங்கூரமிட்டுச் சில மணி நேரமே ஆகியிருந்தது.

மறுநாள் ஈஸ்ரர் ஞாயிறு. காலையிற் கொழும்பு தாக்கப்பட்டது. தளபதியுடன் சேர விரைந்துகொண்டிருந்த இரு குறூசர்களும் பிற்பகலிற் சிறிது நேரத்துள் மூழ்கின. 424 பேர் மாண்டனர். 1,122 பேர் ஒரு பகலும் ஓர் இரவும் நீரிற் கிடந்தபின் மீட்கப்பட்டனர். அன்று மாலை இரு கப்பற்படைகளும் தம்முள் அதிக தூரமின்றியே நின்றன. சமர்வில் தேடினார்; காணவில்லை. நகுமோ தேடவேயில்லை. தேடியிருப்பின் பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படை அன்றே ஒழிந்திருக்கும். அவர் தப்பியது பாதி மதியால். மற்றைப் பாதி விதியால்.

திருக்கோணமலையின் முறை ஏப்பிரில் 9 வியாழக்கிழமை வந்தது. முதல்நாட் பிற்பகலே பகைவர் அணுகுவது தெரிந்தமையால், துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் இரவோடிரவாகத் தெற்கு நோக்கி அனுப்பப்பட்டன. அவற்றுள் ‘ஹேர்மி’சும் ஒன்று. அதன் விமானங்களோ கரையில் நின்றன. காலை ஏழு மணிக்குப் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. இம்முறை றேடார் முன்கூட்டியே எச்சரித்தமையாற் ‘ஹறிக்கேன்’ விமானங்கள் எழுந்து எதிர்த்தன; ஆயினும் அவை சிலவே. எண்ணெய்க் குதமொன்று பற்றியெரிந்தது. ‘சகாயிங்’ என்னும் சரக்குக் கப்பல் துறைமுகத்துள்ளேயே தீக்கிரையாயிற்று. நகரமக்களும் துறைமுகத் தொழிலாளரும் காட்டுவழிகளிலும் உள்ளூர்களிலும் புகலிடந் தேடினர். குடாவினுள் அப்பொழுது பெரும் போர்க்கப்பல் ஒன்றுதானும் இல்லை. இத்துணைப் பீரங்கியும் கோட்டையும் குதமும் எவருக்காகக் கட்டப்பட்டன என்று கரையிலுள்ளோர் கேட்டிருப்பின் அக்கேள்வியிற் பிழையில்லை.

தாக்குதல் முடிந்ததென எண்ணித் திரும்பிவந்த ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பாற் காணப்பட்டது. காக்க ஒரு விமானமும் அதன்மேல் இல்லை. இருபது நிமிடமளவில் அது மூழ்கிற்று. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் உயிரிழந்தனர். துணைநின்ற ‘வம்பயர்’ நாசகாரியும், ‘ஹொலிஹொக்’ என்னும் சிறு காவற் கப்பலும், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் அதே நாளில் அழிந்தன. அவ்வழியே சென்ற ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் நீரிற் கிடந்தோரில் ஏறத்தாழ அறுநூறு பேரை ஏற்றியது. யப்பானியர் மருத்துவக் கப்பலைத் தாக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

அதற்குள் சமர்வில் தம் பழங்கப்பல்களைக் கிழக்காபிரிக்காவில் மொம்பாசாவுக்கு அருகேயுள்ள கிலிண்டினிக்கும், விரைவுக் கப்பல்களைப் பம்பாய்க்கும் செலுத்திவிட்டார். வங்காள விரிகுடா காவலற்றுக் கிடந்தது. வேறொரு யப்பானியப் படை அக்கடலில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாற்றப்பட, மக்கள் நகரை நீத்தனர்.

இப்பின்வாங்கலைக் கோழைமை என்றோர் அன்றும் இருந்தனர், பின்னரும் எழுதினர். அது பொருந்தாது. வெல்லவியலாத படையை எதிர்த்து இருக்கும் படையையும் இழந்திருப்பின், இந்துமாகடலின் மேற்குப் பாதியும், எகிப்துக்கும் இந்தியாவுக்கும் செல்லும் கடல்வழியும் உடன் இழக்கப்பட்டிருக்கும். சமர்வில்மீது சுமத்தத்தக்க குற்றம் வேறு. ஏப்பிரில் 2இற் பகைவர் வாரார் எனத் துணிந்ததும், அத்துணிவின்மேல் நான்கு கப்பல்களைப் பிரித்து இரு துறைகளுக்கு அனுப்பியதுமே அவர் செய்த பிழை. ‘வம்ப’யரும் ‘ஹேர்மி’சும் இரு குறூசர்களும் அப்பிழைக்கு விலையாயின. சவ்றனைப்போல் நகுமோவும் துறைமுகத்தைப் பிடிக்க வந்திருப்பின் 1782 மீண்டிருக்குமோ என்பது வேறு கேள்வி. யப்பானியர் அம்முறை இலங்கையைக் கைப்பற்ற வரவில்லை. தாக்கிவிட்டுப் பசிபிக் கடலுக்கு மீண்டனர். இரு மாதங்களில், 1942 யூனில், மிட்வேயில் அமெரிக்கர் நான்கு யப்பானிய விமானந்தாங்கிகளை அழித்தனர். அவற்றுள் ‘அக்காகி’, ‘சோரியு’, ‘ஹிரியு’ மூன்றும் இலங்கைக்கு வந்தவை. கொழும்பையும் திருக்கோணமலையையும் அடுத்த தாக்குதலினின்றும் காத்தது அப்போர் எனல் மிகையன்று.

கிலிண்டினியிற் கழிந்த காலம் சமர்வில்லுக்குப் பொறுமையைச் சோதித்த காலம். கப்பல்கள் ஒவ்வொன்றாய் மத்தியதரைக் கடலுக்கு எடுக்கப்பட்டன. பெயருக்குத்தான் கப்பற்படை இருந்தது. 1943 செப்டெம்பரில் இத்தாலி பணிந்தபின்னரே நிலைமை மாறிற்று. 1944 தொடக்கத்தில் ‘குயீன் எலிசபெத்’, ‘வேலியன்ற்’, ‘றினௌன்’, ‘இலஸ்திரியஸ்’ முதலிய கப்பல்கள் இலங்கையை அடைந்தன. திருக்கோணமலை நிறைந்தது. 1938இல் வெறுந்துறைக்கு வந்தவரும் 1942இல் அத்துறையை வெறிதாக்க நேர்ந்தவருமாகிய அதே தளபதி, இப்பொழுது அதனை நிறைத்துக்கொண்டு மூன்றாம்முறை வந்தார்.

அவ்வாண்டு ஏப்பிரிலில் மற்றொரு கப்பலும் வந்து அவர்கீழ்ச் சேர்ந்தது: ‘றிஷ்லியூ’ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல். மேர்ஸ்-எல்-கெபீர் நிகழ்ச்சிக்கு ஐந்தாம் நாள், 1940 யூலை 8இல், டக்கார்த் துறையில் நின்ற இக்கப்பலையே பிரித்தானிய விமானங்கள் டோர்பிடோவால் அடித்துப் பழுதாக்கின. அவ்விமானங்களை ஏந்திச்சென்றது ‘ஹேர்மிஸ்’. அதன் தளபதி ஒன்ஸ்லோ. நான்காண்டு கழியுமுன் அடித்த கப்பல் மட்டக்களப்புக் கடலடியிற் கிடக்க, அடிபட்ட கப்பல் திருக்கோணமலையில் நங்கூரமிட்டது. தம் தோழரைச் சுடுவித்த தளபதியின் கொடியைப் பின்தொடர்ந்து பிரெஞ்சு மாலுமிகள் போருக்குச் சென்றனர். இரு திறத்தார் உள்ளத்திலும் அன்று என்ன ஓடிற்று என்பதைப் போர்க்குறிப்புகள் கூறா.

ஏப்பிரில் 16இல் அக்கப்பற்படை திருக்கோணமலையினின்று புறப்பட்டது. அமெரிக்க விமானந்தாங்கி ‘சரற்றோகா’வும் உடன் சென்றது. 19ஆம் நாள் விடியலிற் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் தாக்கப்பட்டது. பகைவர் முற்றிலும் எதிர்பாராத தாக்குதல் அது. இழந்தது ஒரே விமானம். அதன் விமானியையும் ஒரு பிரித்தானிய நீர்மூழ்கி கரைப் பீரங்கிகளின் சூட்டினிடையே மீட்டது. மே மாதத்தில் யாவாவின் சுரபாயாவும், யூலை 25இல் மீண்டும் சபாங்கும் தாக்கப்பட்டன. இரண்டாம்முறை போர்க்கப்பல்களே அணுகிச் சென்று துறைமுகத்தைச் சுட்டன. பெரிய வெற்றிகள் எனச் சொல்லற்கில்லை. ஆயினும் 1942இல் இதே கடலில் மறைந்து திரிந்த படைக்கு அவை தேவைப்பட்டன.

அந்நாளிற் கண்டியில் தலைமையகம் அமைத்திருந்த மவுண்ட்பாற்றன் பிரபுவுக்கும் அவருக்கும், கப்பற்படை எவர் ஆணைக்குரியது என்பதிற் பிணக்கு இருந்தது. மவுண்ட்பாற்றன் அவரினும் பதினெட்டு வயது இளையவர். 1944 ஓகஸ்ட் 8இல், திருக்கோணமலையில் மிதக்குந் திருத்துதுறை ‘வேலியன்’றைத் தூக்கியபோது முறிந்து, அக்கப்பல் பெரும்பழுதுற்றது. அம்மாத இறுதிக்குள் அவர் தம் பொறுப்பை அட்மிரல் பிறேசரிடம் ஒப்படைத்து நீங்கினார். பின்னர் வாஷிங்ரனில் பிரித்தானியக் கடற்படைத் தூதுக்குழுவின் தலைவராகப் பணிபுரிந்தார். ஐரோப்பாவிற் போர் முடிந்த 1945 மே 8ஆம் நாளே அவர் ‘கப்பற்படை அட்மிரல்’ என்னும் மிகவுயர்ந்த பதவி பெற்றார். 1949 மார்ச்சு 19இற் சொமர்செற் மாகாணத்து டிண்டர் என்னும் ஊரில் தம் இல்லத்திற் காலமானார்.

திருக்கோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15இல் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. துறைமுகத்துள் எரிந்த ‘சகாயிங்’, போர்க்காலத்திலேயே இறங்குதுறையாகப் பயன்படுமாறு மூழ்கடிக்கப்பட்டு, 2018இல் இலங்கைக் கடற்படையினரால் மேலெழுப்பப்பட்டது. ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இன்றும் கிடக்கின்றது. அதனோடு மாண்டவருட் பெரும்பாலோர்க்கு வேறு கல்லறை இல்லை.